குளமும் ஆறு ஓட்டைகளும்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த இடத்தைத் தோட்டம் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கும். ஒன்பதடிக்கு ஏழடி. ஒரு கொய்யா மரம், அம்மாவின் துளசித் தொட்டி, கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி. மும்பை செம்பூரில் குன்றின் சரிவில் வரிசை வரிசையாக ஏறும் குடியிருப்பில் எங்களுடையது ஐந்தாவது வரிசை. அந்த ஏழடி முடிகிற இடத்தில் தரையும் முடிந்துவிடும். அங்கிருந்து கீழே பத்தடி உயரக் கருங்கல் சுவர். எங்கள் மண் சரிந்துவிடாமல் அதுதான் தாங்கிக்கொண்டிருந்தது. சுவரின் காலடியில் நான்காவது வரிசை வீடுகள். நேர் கீழே இருந்தது மாமாவின் வீடு.

மாமா என்றால் ரத்த உறவு கிடையாது. அவர் தென்காசிப் பக்கத்து முஸ்லிம். அப்பாவின் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். அப்பா அவரைப் 'பாய்' என்பார், அவர் அப்பாவை 'அண்ணாச்சி' என்பார், எனக்கு அவர் மாமா, அவருக்கு நான் மருமகன். பள்ளிக்கூடப் பைகள் தைத்துக் கடைகளுக்குக் கொடுப்பது அவருக்குத் தொழில். சுவருக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் முன்பு இரண்டடிச் சந்து இருந்தது. நான் சின்னவனாக இருந்தபோதே அவர் அதற்கு மேல் தகரம் போட்டு, பின்சுவரை இடித்து, சந்தையும் வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டுவிட்டார். சரிவில் எல்லோரும் செய்வதுதான். அந்த இடத்தில்தான் மாமி தையல் மெஷினைப் போட்டு உட்காருவார். அவர் முதுகுக்கும் கருங்கல்லுக்கும் நடுவே ஒரு முழம்கூட இருக்காது.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஆசைப்பட்டுக் கட்டிய குளத்தால் அந்தச் சுவர் மாமியின் முதுகில் விழப் பார்த்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஐரோலியில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை. அந்த வளாகத்துக்கு நடுவில் ஒரு குளம் இருக்கிறது. அல்லி பூத்திருக்கும், சின்னச் சின்ன மீன்கள் இலைக்கடியில் போய் ஒளிந்துகொள்ளும். மத்தியானம் அதன் ஓரமாக உட்கார்ந்து டப்பாவைத் திறக்கிற இருபது நிமிடத்தில் யாரும் என்னை எதுவும் கேட்க மாட்டார்கள். வேலை நிரந்தரமானபோது மற்றவர்கள் பைக் வாங்கினார்கள். எனக்கு அந்த மாதிரி ஒரு குளம் வேண்டும் என்று தோன்றியது. வீட்டில் சொன்னதும் அம்மா, "கொசு வளக்கப் போறியாலே?" என்று கேட்டாள். கப்பி மீன் விட்டால் கொசுப்புழுவைத் தின்றுவிடும் என்றேன். "மீனு கொசுவத் திங்கும், மீனப் பூனை திங்கும். பூனைக்கு யாரு சோறு போடுவா?" என்றாள். ஆனாலும் துளசித் தொட்டியை நகர்த்தி வைத்தாள்.

செய்முறையைப் போனில் படித்துப் படித்து ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். குழி தோண்ட வேண்டும், தடிமனான பிளாஸ்டிக் விரிக்க வேண்டும், ஓரத்தில் கல் அடுக்க வேண்டும், மழைநீர் வழிந்து போக ஒரு பைப் வைக்க வேண்டும். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பிளாஸ்டிக்கா? மழைக்குக் கூரை மேல போடுத தாட்பத்ரிய குழிக்குள்ள போட்டா அது பேரு குளமாலே? முப்பது வருசமா நான் என்ன செஞ்சிட்டிருந்தேன்னு நெனச்ச?"

முப்பது வருடமாக அப்பா செய்தது வாட்டர்ப்ரூஃபிங் வேலை. அடுக்குமாடிகளின் மொட்டை மாடியில் செங்கல் துண்டுகளைச் சிமெண்ட்டில் பதித்து, மூலைகளைக் கிண்ணம் போல வளைத்து, மேலே வழுவழுவென்று பூசுவார்கள். 'கோபா' என்று அதற்குப் பெயர். பூசி முடித்ததும் மாடியில் தண்ணீர் போகும் எல்லா வாய்களையும் அடைத்து, நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, நீர்மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு, கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். ஏழு நாளைக்கு யாரும் தொடக் கூடாது. ஏழாம் நாள் கோட்டிலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது, கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். அப்பாவுக்கு எழுத்து தெரியாது. டேப்பில் நம்பர் படிக்க மாட்டார். ஆனால் அந்தக் கோட்டைப் படிப்பார். அவர் கட்டிய தண்ணீர் ஒரு நூல்கூட இறங்கியதில்லை என்று சூப்பர்வைசர்களே சொல்வார்களாம். நூல் என்பது மேஸ்திரிக் கணக்கு, அங்குலத்தில் எட்டில் ஒன்று. முட்டி தேய்ந்து வேலையை விட்ட பிறகும் அப்பா அந்த ஒரு நூலைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்.

மார்ச் மாதத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வேலை நடந்தது. நான் தோண்டினேன், கமேலா என்கிற இரும்புச் சட்டியில் மண்ணைச் சுமந்து கொட்டினேன். அப்பா குழிக்குள் குந்தி உட்கார்ந்து கம்பி வலை வைத்துக் கோபா போட்டார். ஐந்தடிக்கு நாலடி, இரண்டடி ஆழம். பெரிய கல்சட்டி மாதிரி வந்தது. பைப் விஷயத்தில்தான் சண்டை.

"சட்டி செஞ்சுட்டு எவனாவது அதுல ஓட்ட போடுவானா?"

"ஜூலை மழைல நெறஞ்சு வழியும்லா. ஒரு வழி வேணும்பா."

"ஓட்ட போட்டா லீக்கேஜ்தான். எங்கிட்ட கேக்காத. படிச்சவன் சொல்லுத, போட்டுக்க."

அவர் டீ குடிக்கப் போயிருந்தபோது நானே விளிம்புக்குக் கீழே ஓட்டை கொத்தினேன். பைப் நுழைய வேண்டிய அளவைவிடப் பெரிதாகக் கொத்திவிட்டேன். மறுமுனையை மண்ணுக்கடியில் பக்கத்துச் சாக்கடைக்குக் கொண்டுபோய், பைப்பைச் சுற்றி இருந்த இடைவெளியில் மிச்சமிருந்த சிமெண்ட் கலவையை விரலால் அமுக்கி வைத்தேன். அப்பா திரும்பி வந்து அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

தண்ணீர் நிரப்பிய அன்று சரிவிலிருந்து ஏழெட்டுப் பேர் பார்க்க வந்தார்கள். மாமாவும் மாமியும் படியேறி வந்திருந்தார்கள். "அண்ணாச்சி, நீச்சல் டிரஸ் எங்க?" என்றார் மாமா. அப்பா எல்லோரும் பார்க்கும்படி நீர்மட்டத்தில் கோடு இழுத்தார். என் பக்கம் திரும்பி, "ஏழு நாளு. ஒரு சொட்டு ஊத்தாத, ஒரு சொட்டு எடுக்காத" என்றார்.

மறுநாள் விடியற்காலை நான்தான் முதலில் எழுந்தேன். தண்ணீர் கோட்டுக்குக் கீழே இரண்டு விரல் இறங்கியிருந்தது.

அப்பாவை எழுப்பியிருக்க வேண்டும். எனக்கு அந்த ஏழெட்டுப் பேரின் முகம்தான் நினைவுக்கு வந்தது. முட்டி தேய்ந்து உட்கார்ந்திருக்கிற மனுஷன். கை நடுக்கத்தில் எங்கோ விட்டுவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டேன். குழாயில் தண்ணீர் வருகிற நேரம் அது. மூன்று குடம் ஊற்றினேன். மட்டம் கோட்டுக்கு வந்துவிட்டது. அடுத்த நாளும் இரண்டு விரல், மூன்று குடம். ஏழாம் நாள் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து கோட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "பாத்தியாலே? ஒரு நூல் எறங்கல." அந்தக் குரலை நான் வருடக்கணக்கில் கேட்டிருக்கவில்லை. அதற்குப் பிறகு எப்படி நிறுத்துவது? தினமும் ஊற்றினேன். மீன் விட்டேன். உல்லாஸ்நகரிலிருந்து வந்து விற்கிறவரிடம் ஓர் அல்லிக் கிழங்கு வாங்கிப் போட்டேன். அம்மா மட்டும், "கொடம் சீக்கிரம் காலியாவுதே" என்று ஒன்றிரண்டு முறை கேட்டாள். மீனுக்குத் தண்ணீர் மாற்றினேன் என்றேன்.

மே மாதத்தின் முதல் வாரம் மாமா மேலே வந்தார்.

"அண்ணாச்சி, உங்க மலை என் வீட்டுக்குள்ள ஒண்ணுக்குப் போகுது."

கீழே போய்ப் பார்த்தோம். அந்தக் கருங்கல் சுவரில் முட்டி உயரத்தில் வரிசையாக ஆறு ஓட்டைகள் இருந்தன. கைமுஷ்டி நுழையும் அளவு. சுவரைக் கட்டியவர்கள் விட்டுவிட்டுப் போனவை. மழைக்காலத்தில் அவற்றிலிருந்து நீர் வரும். மாமா ஒரு தகரத்தை வளைத்து வைத்து அதை வெளியே போகவிடுவார். ஆனால் மே மாத வெயிலில் சொட்டியது அதுவே முதல் முறை. மாமியின் மெஷினுக்கடியில் ஈரம். கட்டிவைத்த பைத்துணியில் ஒரு கட்டு நனைந்து மஞ்சள் பூத்திருந்தது. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும், அதற்குள் கொடுத்தாக வேண்டிய பைகள்.

"நேத்து தைச்ச பைய இன்னைக்குக் காயப் போடுதேன், அண்ணே" என்றார் மாமி. "உங்க கொளத்துத் தண்ணியா இருக்குமோன்னு இவுக சொல்லுதாவ."

"அது வாய்ப்பே இல்ல" என்றார் அப்பா. "கொளம் ஒரு நூல் எறங்கல. ஒங்க மருமவன்ட்டயே கேளுங்க."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். மெஷின் நின்றிருந்தது. ஓட்டையிலிருந்து சொட்டும் சத்தம் கேட்டது.

"ஆமா மாமா" என்றேன். "எறங்கல."

"அப்பம் இது மலைத்தண்ணி" என்று அப்பா முடித்துவிட்டார். "எங்கயோ ஊத்து தெறந்திருக்கு. பாய், தண்ணி வாற இடம் எல்லாமே லீக்கேஜ்தான். லீக்கேஜ அடைக்கத்தான நான் பம்பாய்க்கே வந்தேன். ஒரு மணி நேரம் தாங்க."

அவர் வேலை செய்து நான் பார்த்ததிலேயே அழகாகச் செய்த நாள் அது. ஒவ்வொரு ஓட்டையையும் உள்பக்கம் அகலமாகவும் வாய்ப்பக்கம் குறுகலாகவும் கொத்தினார். தண்ணீர் எத்தனை தள்ளினாலும் அடைப்பு வெளியே வராது. உடனே இறுகுகிற பவுடரை உள்ளங்கையில் பிசைந்து, அது சூடாகத் தொடங்கியதும் உள்ளே திணித்து, கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மனத்துக்குள் ஏதோ எண்ணினார். ஒன்று, இரண்டு என்று ஆறும் அடைந்தன. தரை காய்ந்தது. மாமி டீ கொடுத்தார். மாமா அப்பாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வது போல் நடித்தார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

மறுநாள் காலையிலும் குளம் இரண்டு விரல் இறங்கியிருந்தது. மூன்று குடம் ஊற்றினேன்.

நான் படித்தவன். கூட்டல் கழித்தல் தெரிந்தவன். இருந்தும் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்ற கேள்வி நாற்பது நாள் எனக்கு வரவில்லை. ஜூனில் முதல் மழை இரண்டு நாள் விடாமல் பெய்தது. வியாழக்கிழமை வேலைக்குக் கிளம்பிப் படியிறங்கியபோது மாமா வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். நுரையைத் துப்பிவிட்டு, "மருமவனே, இத்தன மழைக்கும் ஒரு சொட்டு வரல, பாத்துக்க! இருவது வருசத்துல மொத தடவ" என்றார்.

ஐரோலி போகும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்னதைச் சந்தோஷமாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் விரல் விட்டு எண்ணத் தொடங்கினேன். மழைக்காலத்தில் வர வேண்டிய தண்ணீரும் வரவில்லை. நான் ஊற்றுவதும் வரவில்லை. நாளுக்கு மூன்று குடம், நாற்பது நாள், நூற்றிருபது குடம். மேலே குளத்தில் நிற்கவில்லை, கீழே ஓட்டையிலும் வரவில்லை. அப்படியானால் நடுவில் இருக்கிறது. சுவருக்கும் மண்ணுக்கும் நடுவில், மாமியின் முதுகுக்குப் பின்னால்.

ஆபீஸில் தேடிப் படித்தேன். மண்ணைத் தாங்கும் சுவர்களில் அந்த ஓட்டைகளை வேண்டுமென்றே விடுகிறார்கள். அவற்றுக்கு இங்கிலீஷில் அழுகையை வைத்து 'வீப் ஹோல்' என்று பெயர். சுவர் அழுது தீர்க்க வேண்டும், அடக்கி வைத்தால் சாய்ந்துவிடும். அன்றைக்கு மத்தியானம் குளத்தோரம் போகவில்லை.

வெள்ளிக்கிழமை லீவு சொல்லிவிட்டு, சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் அப்பாவின் தூக்குக்குண்டை எடுத்துக்கொண்டு கீழே போனேன். பைகள் வைக்க ஒரு பலகை அடித்துத் தருகிறேன், அளவெடுக்க வேண்டும் என்று மாமியிடம் சொன்னேன். இன்னொரு பொய். சுவரின் மேல்பகுதியில் ஒரு குச்சியை வைத்துக் கல்லிலிருந்து மூன்று விரல் தள்ளி நூலைத் தொங்கவிட்டேன். இடுப்பு உயரத்தில் நூலுக்கும் கல்லுக்கும் இடையே ஒரு விரல்தான் இருந்தது. சுவர் நடுவில் வயிறு தள்ளியிருந்தது. பழைய சுவர், முன்பே அப்படித்தான் இருந்ததோ என்னவோ. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குச்சி வைத்த இடத்தைச் சாக்பீஸால் குறித்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை அதே குறியில் அதே குச்சியை வைத்தேன். நூல் கல்லைத் தொட்டுக்கொண்டிருந்தது. "பலகைக்கு இவ்வளவு அளவாப்பா?" என்று மாமி சிரித்தார். மாமி, அந்தப் பக்கமாகத் தள்ளி உட்காருங்கள் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்பதற்கு என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. அதை அப்பா என் வாயிலிருந்து முதலில் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த ஒரு நாள் தாமதத்துக்கு இப்போதும் எனக்கு நல்ல காரணம் கிடைக்கவில்லை.

ஞாயிறு காலையிலிருந்து மழை கொட்டியது. அப்பா தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு குளத்தில் விழுந்த கொய்யா இலைகளை அரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, கொளம் எறங்குது."

"எங்கலே எறங்குது? நெறஞ்சு நிக்கி."

"மழைல நிக்கி. முன்னாடி தெனமும் ரெண்டு விரல் எறங்கிச்சு. மொத நாள்ல இருந்தே. நான் காலைல மூணு கொடம் ஊத்திட்டே இருந்தேன்."

இலை அரித்துக்கொண்டிருந்த அவர் கை நின்றது. "எதுக்கு?"

"நீங்க கட்டினது லீக்கேஜ்னு யாரும் சொல்லிரக் கூடாதுன்னு."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மண்ணைப் பார்த்தார். அங்கிருந்து சுவரின் விளிம்பு வரைக்கும் பார்வையை ஓட்டினார். கொய்யா மரத்துக்கும் விளிம்புக்கும் நடுவில் தரையில் ஒரு கீறல் ஓடியிருந்தது. பேனாவால் கிழித்த மாதிரி மெல்லிய கோடு. மழைநீர் அதன் வழியாகச் சத்தமில்லாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"கீழ அந்தப் பொம்பள எங்க இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே நடந்துவிட்டார். அந்த முட்டியோடு இருபத்தாறு படியையும் அவர் எப்படி இறங்கினார் என்று தெரியவில்லை. நான் உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

மாமி மெஷினில் இருந்தார். மாமா தரையில் உட்கார்ந்து பைகளுக்கு ஜிப் வைத்துக்கொண்டிருந்தார்.

"எந்திரிங்க" என்றார் அப்பா. "ரெண்டு பேரும் வெளிய போங்க. அடைப்ப எடுக்கணும்."

"என்ன அண்ணாச்சி வெளையாடுதிய? இப்பத்தான வீடு காஞ்சு கெடக்கு. நாளைக்கு எரநூறு பை கொடுக்கணும். தண்ணிய மறுபடி உள்ள விடவா?"

"பாய், தண்ணி கொளத்துத் தண்ணி. என் மவன் ஊத்தினது. நான் அடைச்சது. உள்ளுக்குள்ள நிக்கி."

மாமா என் பக்கம் திரும்பினார். "எறங்கலன்னு நீதான சொன்ன?"

மாமி அதற்குள் எழுந்துவிட்டார். "ரெண்டு நாளா செவுத்துக்குள்ள டொக்கு டொக்குன்னு கேக்கு. நான் எலின்னு நெனச்சேன்" என்று மெதுவாகச் சொன்னார். அப்பா ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்துக் கற்களைத் தட்டிக்கொண்டே போனார். பூச்சு உள்ளே பிடிப்பு விட்டிருக்கிறதா என்று மாடிகளில் அப்படித்தான் தட்டிப் பார்ப்பார்கள். இரண்டு ஓரங்களிலும் கணீரென்று கேட்டது. நடுவில் சத்தமே இல்லை, நனைந்த மூட்டையைத் தட்டுவது போல. மாமா அதைக் கேட்டார். ஜிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

நான் உளியை முதல் அடைப்பில் வைத்தேன்.

"கொண்டா. அது உன்னால ஒடையாது" என்று அப்பா வாங்கிக்கொண்டார். "நான் போட்டது. நீ மேல போயி கொளத்தக் காலி பண்ணு. வெளிம்புப் பக்கம் காலு வைக்காத."

அம்மாவும் நானும் பக்கெட் பக்கெட்டாக அள்ளி முன்வாசல் சாக்கடையில் கொட்டினோம். மழை அதை மறுபடி நிரப்பப் பார்த்தது. கப்பி மீன்கள் எந்தப் பக்கெட்டில் போயின என்று பார்க்கவில்லை. என் காலுக்குக் கீழே, மண்ணுக்குள்ளிருந்து, சுத்தியல் அடி கேட்டது. கேட்டது என்பதைவிட உள்ளங்காலில் தெரிந்தது. ஏழெட்டு அடி, அப்புறம் நிறுத்தம். மாமாவின் குரல் படிக்கட்டிலிருந்து, "ஒண்ணு!" என்றது. தண்ணீர் வந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு இரண்டு. ஓரங்களிலிருந்து திறந்து நடுவுக்கு வருகிறார் என்று புரிந்தது. மூன்று. நான்கு. அதற்குப் பிறகு அடி நின்றுவிட்டது. அம்மா பக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். "ஏங்க" என்று கூப்பிட்டாள், மழையில் அது யாருக்குக் கேட்கும். நான் விளிம்பை நோக்கி ஓர் அடி வைத்தேன். மண் கூழ் மாதிரி அமுங்கியது. காலைப் பின்னால் எடுத்துக்கொண்டேன். அங்கே என் எடையையும் சேர்த்துத்தான் அந்தச் சுவர் தாங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் அப்பா உட்கார்ந்திருந்தார்.

மறுபடி அடி கேட்கத் தொடங்கியது. இந்த முறை மெதுவாக, ஒவ்வொன்றாக. "அஞ்சு!" ரொம்ப நேரம் கழித்து, "ஆறு! ஆறு! அண்ணாச்சி வெளிய வந்தாச்சு!"

நான் இறங்கிப் போனபோது அப்பா படியில் உட்கார்ந்திருந்தார். நடு ஓட்டை திறந்தபோது தண்ணீர் பாய்ந்து அவரைத் தள்ளிவிட்டிருந்தது, நெற்றியில் சிராய்ப்பு. உள்ளே ஆறு ஓட்டைகளிலிருந்தும் செம்மண் நிறத்தில் தண்ணீர் மெஷின் வரைக்கும் பீய்ச்சியது. இருநூறு பையில் பாதிக்கு மேல் நாசம். மாமா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தண்ணீர் இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் தெளிந்து சொட்டாக மாறியது. தூக்குக்குண்டைப் போட்டுப் பார்த்தேன். வயிறு உள்ளே போகவில்லை. மாமா, "இனிமே ஒண்ணும் ஆவாது, தண்ணிதான் போயிட்டுல்லா" என்றார். மாமிதான் கேட்கவில்லை. "இனி அதுக்கு முதுகக் காட்டிட்டு நான் உக்கார மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே மெஷினைத் தூக்க என்னைக் கூப்பிட்டார். எங்கள் முன்னறையில் அம்மாவின் தையல் டப்பாவும் அப்பாவின் கட்டிலும் இருந்த இடத்தில் அவர்களுடைய மெஷின் வந்தது. மாமா இரண்டு நாள் பிடிவாதமாகக் கீழேயே படுத்தார். மூன்றாம் நாள் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தார். ஒரே அறையில் அத்தனை பேர். அவரும் அப்பாவும் உப்பைக் கேட்பதற்குக்கூட அம்மா வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆபீஸில் இருந்தபோது அம்மாவிடமிருந்து போன்.

"செவுரு போச்சுலே."

"யாரு..."

"எல்லாரும் மேலதான் இருக்கோம். எண்ணிட்டேன்" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "ரெண்டு தடவ எண்ணிட்டேன்" என்றாள்.

நான் வந்து சேர்ந்தபோது வெளிச்சம் இருந்தது. மழை விட்டிருந்தது. சுவரின் நடுப்பகுதி பன்னிரண்டடி அகலத்துக்கு இல்லை. எங்கள் தோட்டம், கொய்யா மரம் உட்பட, மாமாவின் வீட்டுக்குள் இருந்தது. தகரம் மடங்கிக் கிடந்தது. மாமி உட்காரும் இடத்தில் கருங்கற்கள் இடுப்பு உயரத்துக்குக் குவிந்திருந்தன. அவற்றின் மேல், ஒரு பக்கமாகச் சாய்ந்து, அப்பா கட்டிய குளம் முழுசாக உட்கார்ந்திருந்தது. பத்தடி விழுந்தும் உடையவில்லை.

அப்பா அதைச் சுற்றி வந்தார். யார் சொல்லியும் கேட்காமல் கற்கள் மேல் ஏறி உள்ளே கையை விட்டுத் தடவினார். அடிப்பக்கம், மூலைகள், கிண்ணமாக வளைத்த இடங்கள். எங்கும் ஒரு கீறல் இல்லை. அப்புறம் பைப் இருந்த இடத்துக்கு வந்தார். பைப்புக்குக் கீழே, நான் விரலால் அமுக்கி வைத்த கலவை இருந்த இடத்தில், ஒரு விரல் நுழையும் பொந்து. வெளிப்பக்கத்தில் அதிலிருந்து கீழே வரை செம்மண் கறை, தண்ணீர் நெடுநாள் ஓடிய தடம். பொந்தின் அடி, அவர் இழுத்த கோட்டிலிருந்து சரியாக இரண்டு விரல் கீழே இருந்தது. அதற்குக் கீழே தண்ணீர் என்றைக்கும் இறங்கியிருக்காது. ஒரே ஒரு நாள் ஊற்றாமல் விட்டிருந்தால் மட்டம் பைப்போடு நின்றுவிடுவது எனக்குத் தெரிந்திருக்கும். நான் அவருடைய கை நடுங்கியிருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

அவர் அந்தப் பொந்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். அதை அவர் யாரிடமும் சொல்லப் போவதில்லை என்று தெரிந்தது. சுற்றி அக்கம்பக்கத்து ஆட்கள் நின்றார்கள். மாமா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாமா" என்றேன். "லீக்கேஜ் என் பைப்புல. அப்பா போட்ட கோபாவுல இல்ல. எறங்கலன்னு ஒங்ககிட்ட சொன்னதும் பொய்."

"அடைச்சது நாந்தான் பாய்" என்றார் அப்பா கல்லின் மேலிருந்து. "ஓட்டய விட்டிருந்தா சொட்டிட்டே கெடந்திருக்கும். சொட்டுதுன்னு நீங்க ஏசிட்டே இருந்திருப்பிய."

மாமா இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு அந்தக் குளத்தைப் பார்த்தார்.

"ஒருத்தன் ஊத்துதான், ஒருத்தன் அடைக்கான்" என்றார். "கடைசில கொளத்த என் வீட்டுக்குள்ளயே கொண்டாந்து எறக்கிட்டிய. எறங்குங்க அண்ணாச்சி, கல்லு ஆடுது. எறங்குங்க முதல்ல." முன்னால் போய் அப்பாவுக்குக் கையை நீட்டினார்.

அப்பா அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். மேலே எங்கள் வீட்டில் மாமியின் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் கமேலாவை எடுத்து முதல் கல்லைத் தூக்கினேன்.